செங்கப்பா பாவாவுக்கு ஒரு கேமரா

எந்தக் கேமரா வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது அவர்களுடைய முதுகைப் பற்றித்தான். வசதியைப் பற்றி அல்ல. வசதி உள்ளவனுக்குத்தான் முதுகு சீக்கிரம் போகும். அவன்தானே பீரங்கி மாதிரி லென்ஸ் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறான். நானும் அப்படி நடந்தவன்தான். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய ஒன்று எனக்கு இப்போது அங்கே இல்லை. மைசூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆனையைத் தூக்கினீங்களா?" என்று கேட்டார். ஆனைப் படத்தைத் தூக்கினேன் என்றேன்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றால் உங்கள் ஏட்டையாவை நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் இது புரியாமல் மற்றது புரியாது.

நாளைக் காலையில் மொட்டைவால் என்கிற காட்டு யானையைப் பிடிக்கப் போகிறார்கள். வால் நுனியில் மயிரே இல்லாததால் எங்கள் தோட்டத்து ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. பழக்கிய யானைகள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. மயக்க ஊசி, சங்கிலி, மரக்கூண்டு எல்லாம் தயார். என் தங்கை தேச்சம்மாவின் கணவர் செங்கப்பா பாவாவை அவன் கொன்றுவிட்டான் என்று ஊரே நடுரோட்டில் உட்கார்ந்து வாங்கிய உத்தரவு. அவன் மேல் தப்பு இல்லை என்று நான் ஸ்டேஷனுக்குள்ளே வந்ததும் சொன்னேன். "அப்ப யாரு மேலதான் தப்பு, மேதப்பா சார்?" என்று கேட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னீர்கள். துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைத்ததில் தப்பில்லை. நான் கேமராவிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் சுற்றிவளைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

கேமராவுக்குள்ளே வெளிச்சம் வந்து விழுகிற தகடு ஒன்று உண்டு. சென்சார் என்பார்கள். பெரிய கேமராவில் அது பெரியது. நான் இப்போது வைத்திருக்கிற கையடக்கக் கேமராவில் கொஞ்சம் சின்னது. சின்னது என்றதும் மட்டம் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். காட்டுப் படத்துக்கு அதுதான் லாபம். லென்ஸ் காட்டுகிற காட்சியில் ஓரமெல்லாம் கழிந்து நடுப்பகுதி மட்டும் அந்தத் தகட்டில் விழும். தூரத்தில் நிற்கிற பிராணி தானாகப் பக்கத்தில் வந்த மாதிரி படம் நிறையும். அதனால் எடை குறைந்த லென்ஸே போதும். ஒரு துணிப்பையில் கேமராவும் லென்ஸும் அடங்கிவிடும். ஷட்டர் சத்தத்தையும் அடியோடு நிறுத்திவிடலாம். மரங்கொத்திக்குக்கூடத் தெரியாது.

ஆனால் இந்த லாபமெல்லாம் அதில் நீளமான லென்ஸ் மாட்டினால்தான். குட்டையான, அகன்ற லென்ஸ் வேறொன்று உண்டு. அது ஊர் சுற்றுகிறவர்களுக்கு. கோயில், கடற்கரை, குடும்பமே வரிசையாக நிற்கிற கல்யாணப் படம். அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் தள்ளிப் போய்விடும். முற்றத்தில் நிற்கிற மாடு அடுத்த வயலில் நிற்கிற மாதிரி இருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் மேல் எனக்கு இப்போது ஆசை எதுவும் கிடையாது. எடுத்து எடுத்துச் சலித்துவிட்டது. மொட்டைவாலை அவன் தாயின் வயிற்றுக்கு அடியில் நடந்த காலத்திலிருந்து எடுத்துவருகிறேன். சேற்றில் புரள்கிற படம் இருக்கிறது, பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு போகிற படம் இருக்கிறது, நின்றபடியே தூங்குகிற படம் இருக்கிறது. காது இரண்டையும் விரித்துக்கொண்டு நேர் முகமாக ஓடி வருகிற படம்தான் இல்லை. அப்படி ஓடி வர வேண்டுமென்றால் யாரையாவது பார்த்துத்தான் ஓடி வர வேண்டும், அந்த யாரோ நானாக இருக்க எனக்கு இஷ்டமில்லை என்று வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

பாவா கேமரா கேட்டது ஆனி மாதத்து மழையில். தங்கை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. பன்றிக்கறியும், அரிசி ரவையில் உருட்டி அவித்த கடம்புட்டும். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பாவா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே ஆரம்பித்தார்.

"ஏய் மேதப்பா, ஆனையைப் படம் புடிச்சுப் புடிச்சு நீ பெரிய ஆளாயிட்ட. எனக்கும் ஒரு கேமரா சொல்லு. தை மாசம் மக வீட்டுக்கு ஆஸ்திரேலியா போறோம். அங்க கங்காருவையும் எடுக்கணும், இங்க ஆனையையும் எடுக்கணும். ஒண்ணே ஒண்ணுதான் வேணும், கோட்டுப் பையில அடங்கணும். கழுதை மாதிரி சுமக்குறதுக்கு நான் என்ன நீயா?"

"உங்களுக்கு எதுக்குங்க கேமரா?" என்றாள் தேச்சம்மா. "போன்ல எடுத்த படத்துலயே பாதிக்குப் பாதி உங்க விரல்தான் இருக்கு."

"அழகான விரல்டி அது. எல்லாருக்கும் அமையாது," என்று சொல்லி, இன்னொரு கறித்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் அப்படித்தான். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிற மூலையில்தான் கூட்டம் இருக்கும். என் தங்கையின் கண்ணில் தண்ணீர் வர விட்டவர் இல்லை. எங்கள் பக்கத்தில் அவரைப் போலக் குறி தவறாமல் சுடுகிறவன் யாரும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர் என்று நானே சொன்னதாக இருக்கட்டும்.

அவருடைய நெல் வயல் எங்கள் தோட்டத்து ஏரிக்குக் கீழே இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கதிர் முற்றுகிற சமயத்தில், வீட்டு மின்சாரத்தை நேராக இழுத்து வேலிக் கம்பியில் கொடுத்திருந்தார். மொட்டைவாலின் தாய் அதில் கால் வைத்தாள். விடிந்து நான் போனபோது அவர் கம்பியைச் சுருட்டி முடித்து, குளித்து, நெற்றியில் விபூதியும் வைத்திருந்தார். மழையில் லைன் கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் நடந்தது அது. மொட்டைவால் அன்று முழுக்க அங்கேயே நின்றான். காபிச் செடிகளை ஒடித்து ஒடித்து அவள் மேல் போட்டான். நான் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை, கை அவ்வளவு நடுங்கியது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தங்கை வீடு, இன்ஸ்பெக்டர். எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். பாவாவுக்கு அது ஒரு கதையாகிவிட்டது. விருந்துகளில் கையில் கிளாஸோடு சொல்வார். "ஆனை செத்ததுகூடப் பரவால்லய்யா, அந்த மாசம் கரண்டு பில்லு வந்துச்சு பாரு, அதுலதான் நான் செத்தேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் உதட்டைக் கொஞ்சம் இழுத்துவைப்பேன். எத்தனை கல்யாணம், எத்தனை சாவு விருந்து. ஒரே கதைக்கு ஒருவன் எத்தனை தடவைதான் சிரித்துக்கொண்டிருப்பது.

அடுத்த வாரமே பாவாவை மைசூருக்கு அழைத்துப் போனேன். கடையில் ஒரு பெண் இருந்தாள், விஷயம் தெரிந்தவள். பயணத்துக்கும் காட்டுக்கும் சேர்த்து ஒரே கேமரா என்றதும் நான் மனதில் வைத்திருந்ததையே எடுத்துவைத்தாள். சின்ன சென்சார், கைக்குள் அடங்குகிற அளவு, மழைத் தூறலைத் தாங்கும். பாவா அதைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் அவருக்குப் பிடித்துவிட்டது.

"லென்ஸ் ரெண்டு எடுத்துக்கங்க சார்," என்றாள் அந்தப் பெண். "ஊருக்குப் போறப்ப இந்தக் குட்டை. ஆனைக்கு இந்த நீளம்."

"ரெண்டு வேண்டாம்மா," என்றேன் நான். "இவரு லென்ஸ் மாத்துறேன்னு நடுக்காட்டுல தொறந்து வெப்பாரு, உள்ள தூசி போயிடும். குட்டை மட்டும் போதும்."

"ஆனைக்கு இது எட்டாதே சார்."

"அதுக்கென்ன. இவரு பக்கத்துல போயிடுவாரு."

பாவாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. "கேட்டுக்கம்மா. மேதப்பா மாதிரி மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு எடுக்குற ஆள் இல்ல நானு," என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

தூசி போகும் என்பது உண்மை. ஒரே லென்ஸாக இருந்தால் சுமை குறைவு என்பதும் உண்மை. பயணத்துக்கு அந்தக் குட்டை லென்ஸை விட நல்லது கிடையாது. நான் அன்று அந்தக் கடையில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரியுங்கள், அவளும் அதைத்தான் சொல்வாள்.

அன்றைக்கு என் மனதில் இது இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடியில் மழை விட்ட ஒரு காலை நேரத்தில் என் வீட்டு முற்றத்தில்தான் அது உருவாகி வந்தது.

எங்கள் ஆட்கள் துப்பாக்கியால் தூரம் அளக்கிறவர்கள். குழல் நுனியில் கடுகளவு மணி ஒன்று இருக்கும். அதற்கு மேலே பன்றி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்ததும் எத்தனை கஜம் என்று கை தானாகச் சொல்லிவிடும். பாவாவுக்கு அவருடைய அப்பா பால் பல் விழுகிற வயதில் சொல்லிக்கொடுத்த கணக்கு. இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்பது அதில் முதல் பாடம். மணி என்பது கண்ணாடி இல்லை, அது எதையும் தள்ளிவைக்காது. அதனால் துப்பாக்கியில் அந்தக் கணக்கு தப்பியதே கிடையாது.

பாவா கேமராவில் கண் வைக்கிற சின்ன ஜன்னலிலும் அதே கணக்கைப் போட்டார். முற்றத்தின் அந்தப் பக்கம் கட்டியிருந்த என் நாயைப் பார்த்து, "நாப்பது கஜம் இருக்கும்," என்றார். பதினைந்து இருந்தால் அதிகம். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும், ஆனால் அவர் எடுக்கவில்லை. நாற்பது என்றே படத்தை எடுத்தார். ஊர்சுற்ற வருகிறவன் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவனுக்குக் கஜக்கணக்கே தெரியாது. துப்பாக்கியோடு பிறந்தவன்தான் செய்வான்.

எந்த ஆசிரியனும் அன்றே திருத்தியிருக்க வேண்டிய தப்பு. நான் திருத்தவில்லை. அதன் மேலேயே மற்றப் பாடங்களை அடுக்கினேன்.

"இடது கண்ணை மூடிக்கங்க பாவா. இது துப்பாக்கி இல்ல, ரெண்டு கண்ணு தொறந்திருந்தா கவனம் சிதறும்," என்றேன். "ஒரு தடவை கண்ணு வெச்சா எடுக்காதீங்க. நீங்க எடுக்குற அந்த நிமிஷத்துலதான் பிராணி திரும்பும்," என்றேன். "தந்தம் ரெண்டும் ரெண்டு ஓரத்தையும் தொடணும், அதுவரைக்கும் நடந்துக்கிட்டே இருங்க. ஓரம் காலியா இருந்தா அது படமே இல்ல," என்றேன். கேமரா குறி பிடித்ததும் கீச்சென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதை நிறுத்திவிட வழி இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. சிட்டுக்குருவி மாதிரி இருக்கிறது என்று பாவாவும் ரசித்தார்.

எல்லாமே எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிற விஷயங்கள். தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், ஒன்றிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

மழைக்காலம் முழுக்க அவர் நன்றாக உழைத்தார். மயில், கீரி, பக்கத்துத் தோட்டத்துக் குதிரை. ஒவ்வொரு படத்தையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். இன்னும் ஓரம் காலியாக இருக்கிறது என்பேன். முகம் சுருங்கிப் போவார். அடுத்த வாரம் இன்னும் பக்கத்தில் போயிருப்பார். ஒருநாள் காட்டெருமையை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் வியர்த்தது. "நல்லா இருக்கு பாவா," என்றேன். "ஓரம் மட்டும் கொஞ்சம்."

நடுவில் நாற்று நட்டு முடிந்து கைல்பொள்து பண்டிகை வந்தது. நட்டு முடிகிற வரை துப்பாக்கியைத் தொடாத வீடுகள் அன்றுதான் அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, கத்தி அரிவாளோடு சாமி அறையில் வரிசையாகச் சாத்திவைத்து, சந்தனம் தொட்டு, குழல் வாயில் செங்காந்தள் பூ சொருகும். நீங்கள் சமவெளிக்காரர், ஆயுத பூஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வருஷாவருஷம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அன்று அலமாரியில் இருந்த பாவாவின் கேமராவை எடுத்துவந்து, அவருடைய இரட்டைக்குழலுக்கும் பிச்சுவாக் கத்திக்கும் நடுவில் வைத்து, அதன் பட்டையிலும் ஒரு பூவைச் சொருகினேன்.

தேச்சம்மா விளக்கை எடுத்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். "அண்ணா, அது எதுக்கு அங்க? அது என்ன ஆயுதமா?"

"இருக்கட்டும்," என்றேன்.

"வெச்சுட்டுப் போறான் விடு," என்றார் பாவா. "வாத்தியார் வெக்கிறாரு, சிஷ்யன் கும்பிட்டுக்கிறேன்." கும்பிட்டும் கொண்டார். அப்புறம் தோட்டத்தில் மர உச்சியில் தேங்காய் கட்டிச் சுட்டார்கள். முதல் குண்டிலேயே பாவா அடித்தார்.

என் மனதில் எப்போது இது முழுசாக இருந்தது என்பதற்கு உங்களுக்குச் சாட்சி வேண்டுமென்றால், தங்கையைக் கேளுங்கள். அந்தப் பூ அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

புது நெற்கதிரை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிற புத்தரிப் பண்டிகைக்கு முந்தின வாரம் யானைகள் வந்தன. எங்கள் தோட்டத்து ஆள் பொல்கன் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "எசமான், மொட்டைவாலு ஏரியில கெடக்கான். மதம் வந்திருக்கு. அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க," என்றான். நான் சரி என்று சொல்லி அவனை மிளகுக்கொடி கட்ட மேல் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பாவாவுக்குப் போன் செய்தேன். ஏரியில் அவன் நிற்கிறான் என்று மட்டும் சொன்னேன். வெல்லக் காபி குடிக்கக்கூட உட்காராமல் கிளம்பி வந்தார். தொப்பியை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார்.

பனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. மொட்டைவால் ஏரியின் அந்தக் கரையில் நின்று சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தான். நான் கரைக்கு இந்தப் பக்கம் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றேன். என் கேமராவும் பாவாவுடையதைப் போலச் சின்ன சென்சார்தான், அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் என்னுடையதில் நீளமான லென்ஸ். அதன் வழியாகப் பார்த்தேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து மதநீர் வாய் வரை வழிந்து கறுத்திருந்தது. மூத்திரம் சொட்டிச் சொட்டிப் பின்னங்கால்கள் நனைந்திருந்தன. பாவாவின் குட்டை லென்ஸில் அதெல்லாம் தெரியாது. அதில் அவன் சேற்றில் நிற்கிற ஒரு சாம்பல் பொட்டு.

பாவா ஏரிக்கரை மேல் ஏறி நடந்தார். வலது கண் கேமராவில், இடது கண் மூடியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு சரியாகச் செய்தவர் வேறு யாருமில்லை. கால் வைக்கிற இடத்தைக்கூடப் பார்க்காமல் வேட்டைக்காரன் நடை நடந்தார். ஒரு சுள்ளி ஒடியவில்லை. பாதிக் கரை தாண்டியதும், கண்ணை எடுக்காமலே தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சொன்னார்.

"ஏய் மேதப்பா, இன்னும் நூறு கஜம் இருக்கான் போலயே. ஓரமெல்லாம் காலி."

"இன்னும் கொஞ்சம் போங்க பாவா," என்றேன்.

நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவர்கள் இருவருக்கும் நடுவில் அப்போது முப்பது கஜம்கூட இல்லை.

கேமரா கீச்சென்றது. மொட்டைவால் சேற்றைப் போடுவதை நிறுத்தினான். பாவா இன்னொரு தடவை குறி பிடித்தார், அது இன்னொரு தடவை கீச்சென்றது. காதுகள் விரிந்தன. அந்தச் சின்ன ஜன்னலில் அவருக்கு அது அழகாக இருந்திருக்கும், இப்போதுதான் படம் நிறைய ஆரம்பிக்கிறது என்று நினைத்திருப்பார். அவன் கிளம்பி, கரை மேல் ஏறி, நேராக ஓடி வந்த பிறகுதான் கேமரா அவர் கண்ணிலிருந்து இறங்கியது. அதற்கப்புறம் அவர் இரண்டு கண்ணாலும் பார்த்திருப்பார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. தேச்சம்மாவும் இதைத்தான் கேட்டாள். நான் அப்போது அவரைப் பார்க்கவில்லை.

பதினாறு முடிவதற்குள்ளேயே அவள் மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் பாவாவின் படம், நான் எடுத்ததுதான். "அண்ணா, நீ வாங்கிக் குடுத்த அந்தக் கேமராதான் அவருக்குக் கடைசியில அவ்வளவு சந்தோஷம். தூங்குறப்பகூடத் தலைமாட்டுல வெச்சுக்குவாரு. அந்தப் பாவி ஆனையைக் கூண்டுல பாக்காம நான் சோறு திங்க மாட்டேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிடித்த கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவளுக்காகத் தூக்கம் போனதா, மொட்டைவாலுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாவாவுக்காக இல்லை என்று மட்டும் தெரியும். ஒரு யானையின் கணக்கைத் தீர்த்தேன் என்று நினைத்தேன். அதற்கு அந்தத் தாய் யானையின் மகனையே துப்பாக்கியாகப் பிடித்திருக்கிறேன் என்பது பழக்கிய யானைகள் லாரியிலிருந்து இறங்கியபோதுதான் உறைத்தது. அதனால்தான் வந்தேன். எனக்கு என்ன பிரிவு போடுவதோ போடுங்கள், வனத்துறைக்குப் போன் செய்து அவனை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேமரா சிபாரிசு செய்ததற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை என்று சிரிக்கிறீர்கள். தெரியும். அதற்குத்தான் கடைசியாக ஒன்று வைத்திருக்கிறேன்.

போன தடவை நான் கொடுத்த வாக்குமூலத்தில், யானை கிளம்பியதுமே கத்தினேன், கல்லெடுத்து எறிந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். கத்த நேரம் இருந்தது. யானை சேற்றிலிருந்து காலை இழுத்து, கரை மேல் ஏறித்தான் ஓடி வர வேண்டும். கரைச் சரிவில் குதித்திருந்தால் பாவா பிழைத்திருப்பார். ஒரு வார்த்தை போதும், அவர் குதித்திருப்பார், அவ்வளவு கெட்டிக்கார உடம்பு. நான் கத்தவில்லை. எல்லாம் முடிந்து, மொட்டைவால் மூங்கிலுக்குள் போன பிறகுதான் கத்தினேன். அதைத்தான் பொல்கன் கேட்டான்.

ஏன் கத்தவில்லை என்பதற்குச் சாட்சி இந்தக் கார்டில் இருக்கிறது. என் கேமராவில் இருந்தது. அவன் காது விரித்ததிலிருந்து வரிசையாக எல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் மணி, நிமிஷம், நொடி பதிவாகியிருக்கும். எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கொலை இல்லை என்று இதைப் பார்த்த பிறகு எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் பார்க்கும்போது உங்கள் செல்போனில் போட்டுப் பார்க்காதீர்கள். பெரிய திரையில் பாருங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள், வேறு பிரதி கிடையாது. நடுவில் ஒன்று வரும், இரண்டு காதும் முழுக்க விரிந்து, தும்பிக்கை சுருண்டு, காலடியில் தண்ணீர் தெறித்து, கண் அப்படியே ஊசி மாதிரித் தெளிவாக. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்று விழுந்ததே இல்லை. இடது ஓரத்தில் பாவாவின் தோள் கொஞ்சம் வந்துவிட்டது. அதை வெட்டிவிடலாம்.